அம்பூல் அறுபது

எண்பத்தொன்றாம் வருடத்தில் முதலியார்பேட்டையில் ஒரு குடும்பம் தலையெடுத்துவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள யாரும் வீட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டியதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும். சன்னலில் வெள்ளை வெளிச்சம் அடித்தால் அது டியூப்லைட் வீடு. மஞ்சளாக அழுது வடிந்தால் குண்டு பல்பு வீடு. டியூப்லைட் வீட்டுக்காரி குழாயடியில் தன் குடத்தைக் கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னால் வைத்தால்கூட யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படி ஒரு மரியாதை அதற்கு.

அஞ்சலாட்சி கல்யாணமாகி வந்த நாளாகக் குண்டு பல்பு வீட்டுக்காரி. அவள் புருஷன் கிருஷ்ணசாமி மில்லில் தறி ஓட்டுகிறவன். அந்த ஆவணியில்தான் முன்பக்கத்துக் கூரையைப் பிரித்துப்போட்டு, செங்கல் வைத்து, தளம் போட்டு, பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை எழுப்பினார்கள். சுவருக்கு வெளிர்ப் பச்சை அடித்தாயிற்று. ஐப்பசி முழுக்கக் கொட்டிய மழையில் சுவர் ஈரத்தை இழுத்துக்கொண்டு நின்றதால் வயரிங் வேலை தள்ளிப்போனது. மழை விட்டதும் தட்டாஞ்சாவடியிலிருந்து சேதி வந்தது. கார்த்திகை இரண்டாம் ஞாயிறு மகள் ஜெயத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். நல்ல நேரம் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் அமைகிறது, விளக்கு வைத்த பிறகு வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

விளக்கு என்ற சொல் காதில் விழுந்த நிமிஷமே அஞ்சலாட்சி மனசுக்குள் நாலடி டியூப்லைட் ஒன்றை மாட்டி எரியவிட்டுவிட்டாள். நேரு வீதிக் கடை ஒன்றில் விசாரித்தும் வந்தாள். "பத்துக்குப் பன்னண்டா? ஒரு நாலடி செட்டு போதும்மா, ரூம்பு பளிச்சினு இருக்கும்" என்றார் கடைக்காரர். அந்தப் பளிச்சை அவள் வீடு வரைக்கும் பத்திரமாகச் சுமந்துகொண்டு வந்தாள்.

வயர்மேன் பாவாடை வந்து ஏணியைச் சாய்த்தபோது கிருஷ்ணசாமி முதல் ஷிப்டு முடிந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழையதும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மேல நடுவுல ஒரு பாயிண்டு, சைடுல டியூப்லைட்டுக்கு ஒரு பாயிண்டு, சரியாண்ணே?" என்றான் பாவாடை.

"டியூப்லைட்டு வேணாம்" என்றான் கிருஷ்ணசாமி.

அஞ்சலாட்சி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "என்னாது?"

"வேணாம். ரெண்டு குண்டு பல்புதான். இந்தச் செவுத்துல ஒண்ணு, எதிர்ச் செவுத்துல ஒண்ணு. ஆளு ஒசரத்துக்கு மேல ஒரு மொழம் இருக்கணும். பல்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. வெளிச்சம் செவுத்துல அடிச்சித் திரும்பி வரணும்."

பாவாடை ஏணியில் நின்றபடியே அஞ்சலாட்சியைப் பார்த்தான். "பல்பு கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னா அப்பறம் எதுக்குண்ணே பல்பு?"

"சொல்றத செய்டா."

"ஏன்யா, ஊருல இருக்கிறவன் எல்லாம் இருக்கிற குண்டு பல்ப கழட்டிட்டு டியூப்லைட்டு போடறான். நீ புது ரூம்பு கட்டி அதுல கொண்டாந்து குண்டு பல்பு மாட்டப் போறியா? வர்றவங்க என்னா நெனப்பாங்க?"

"எனக்குக் கண்ணு கூசுது."

"கூசுதா? இருவது வருசமா மில்லுல அதுக்கு அடியிலதான நிக்கிற?"

"அதனாலதான் சொல்றேன்."

அவ்வளவுதான். அவன் மறுபடியும் தட்டுக்குக் குனிந்துகொண்டான். கிருஷ்ணசாமி வாயிலிருந்து பேச்சைப் பிடுங்குவதும் கருங்கல்லில் கிணறு வெட்டுவதும் ஒன்று. அஞ்சலாட்சிக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்தது. கோபம் இறங்கின இடத்தில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ஆளுக்கு ஒரு பல்பு கழன்றால் மாட்டத் தெரியாது. முழக்கணக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?

அதற்கப்புறம் அவள் புருஷனைப் பார்த்த பார்வையே வேறு. பார்க்கப் பார்க்க எல்லாமே தப்பாகத்தான் தெரிந்தது.

முதலாவது, வார லீவில் அவன் போகிற இடம். கடற்கரைப் பக்கத்துத் தெருவில் தெய்வசிகாமணி என்று ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர். அவர் வீட்டுத் தோட்டத்தில் கிளை வெட்டிக் கொடுக்க மாதம் ஒருதரம் கிருஷ்ணசாமி போவான். இப்போது வாராவாரம் போகிறான். பகலில் போய்க்கொண்டிருந்தவன் நாலு மணிக்குமேல் கிளம்பி ஏழு மணிக்கு வருகிறான். இருட்டில் எந்த மரத்தை வெட்டுகிறான்? பொம்பளை விவகாரமோ என்று ஒரு பகல் முழுக்க அஞ்சலாட்சி யோசித்துப் பார்த்தாள். அந்த மூஞ்சிக்கு அது பொருந்தி வரவில்லை, விட்டுவிட்டாள்.

இரண்டாவது, அவன் இருமல். தறிக்காரர்கள் எல்லாருக்கும் பஞ்சு இருமல் உண்டு. ஆனால் இந்த ஆள் கொஞ்ச நாளாகத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு கொல்லைக்குப் போய் இருமுகிறான்.

மூன்றாவதுதான் அவளை உலுக்கிவிட்டது. ஒருநாள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள், புது அறையில் ஜெயம் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து இழுத்த வயரில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கையில் பிடித்துக்கொண்டு, அவளைச் சுற்றி வந்துகொண்டிருந்தான் கிருஷ்ணசாமி. தலைக்கு மேலே பிடிக்கிறான். சுவரோரம் போகிறான். மறைக்கிறான். "தலைய நிமித்து. இப்பிடித் திரும்பு. சிரிம்மா கொஞ்சம்."

"என்னாயா பண்ற? பொண்ணுக்குப் பேயோட்டறியா?"

கிருஷ்ணசாமி கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி விழித்தான். "ஒண்ணுமில்ல" என்று வயரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

"அப்பா ஏண்டி இப்பிடிப் பண்றாரு?"

"தெரியலம்மா. கொஞ்ச நேரம் என் மூஞ்சியே பாத்துக்கிட்டு இருந்தாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு" என்றாள் ஜெயம்.



பெண் பார்க்க இன்னும் நாலு நாள் இருக்கும்போது சட்டையை ஊறப்போடப் போனவள் பையைத் துழாவினாள். மடித்த சீட்டு ஒன்று வந்தது. சாய்வான வெள்ளைக்கார எழுத்து. கீழ்வரி வேர்வையில் கரைந்திருந்தது, மேல்வரி மட்டும் தெளிவாக இருந்தது. எட்டாவது வரைக்கும் படித்த ஜெயம் இங்கிலீஷ் என்று நினைத்து எழுத்துக் கூட்டினாள். "ஏ, எம், பி... அம்பவு... லெஸ்ஸோ என்னமோ. பக்கத்துல அறுவதுன்னு போட்டிருக்கும்மா."

எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். தெருவில் அவள்தான் பாதி டாக்டர். அஞ்சலாட்சி சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவைக் கடந்தாள்.

சின்னப்பொண்ணு சீட்டை டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் மருந்துப் பெட்டிகளின் மேலே தினமும் பார்க்கிற எழுத்து அது. "அக்கா, இது ஆம்பூல்னு போட்டிருக்கு."

"அப்பிடின்னா?"

"ஊசி மருந்து இருக்குமே, கண்ணாடிக் குப்பி. கழுத்த ஒடிச்சி மருந்த இழுப்பாங்களே, அதான். யாருக்கு எழுதனது இது?"

அஞ்சலாட்சி சீட்டுக்குக் கை நீட்டினாள். அந்த அவசரமே சின்னப்பொண்ணுக்குப் போதுமாக இருந்தது.

"அறுவதா போட்டிருக்கு?" சின்னப்பொண்ணு குரலை இறக்கினாள். "அறுவது ஊசி சாதாரண சொரத்துக்கு எழுத மாட்டாங்கக்கா. தெனம் ஒண்ணா ரெண்டு மாசம் போடணும்னா, அது நெஞ்சுல வர்ற அந்த ஒட்டுவாரொட்டி நோவுக்குத்தான். மில்லுக்காரங்கதான் நெறைய வர்றாங்க. பாவாடை சொன்னான், பல்பு தெரியாம மங்கலா வெளிச்சம் வேணும்னு கேட்டாராமே அண்ணன்? படுக்கையில கெடக்கிறவங்களுக்குத்தான் அப்பிடி வெப்பாங்க, கண்ணு கூசக் கூடாதுன்னு."

அஞ்சலாட்சி சீட்டைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்தாள். எல்லாம் ஒரு நூலில் வந்து கோத்துக்கொண்டது. கண் கூச்சம், துண்டுக்குள் இருமல், மகள் முகத்தைப் பார்த்து அழுகை, அந்திக்குமேல் போய்ப் போட்டுக்கொண்டு வருகிற ஊசி. அந்த அறையை அவன் மகளுக்காகக் கட்டவில்லை. தான் தனியாகப் படுத்துக் கிடக்கத்தான் கட்டியிருக்கிறான்.

"சின்னப்பொண்ணு, நாலு நாள்ல வர்றாங்கடி. இது வெளிய தெரிஞ்சா எவனும் என் பொண்ண எடுக்க மாட்டான். சீக்கு ஊடுன்னு பேரு கட்டிடுவாங்க."

"ஐயோ, நான் ஏன்க்கா சொல்லப் போறேன்? சொன்னா என் நாக்கு அழுவிப் போவட்டும்."

அவள் நாக்கைப்பற்றி அவளே அவ்வளவு கவலைப்பட்டபோதாவது அஞ்சலாட்சி யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

அவனிடம் கேட்டுவிட முடியாது. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். ஞாயிறு கழியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றோடு கிருஷ்ணசாமிக்கு மட்டும் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வந்தது. சீர்வரிசைக்கென்று எடுத்து வைத்திருந்த புது டம்ளர். மற்றவர்களுக்குப் பழைய அலுமினியம். அவன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு மட்டும் என்னா புது டம்ளரு?"

"குடியேன்."

"பொண்ணுக்கு மாப்ள வந்ததும் மாமனாருக்கு மரியாத கூடிப்போச்சா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அஞ்சலாட்சி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது, அழுவதற்கு வசதியாகப் போயிற்று.

ஞாயிறு மத்தியானம் கிருஷ்ணசாமி ஒரு அட்டைப்பெட்டியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பாவாடையும் கூட இருந்தான். அஞ்சலாட்சி வாழைக்காய் சீவினாள், பஜ்ஜி மாவு கரைத்தாள், கேசரி கிளறினாள். அறைக்குள் போய்ப் பார்க்கவில்லை. கட்டிலை எந்த மூலையில் போடப்போகிறான் என்று பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

ஆறே முக்காலுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா அரிகிருஷ்ணன், நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை. அவருடைய அக்கா தையல்நாயகி, வாயில் வெற்றிலை, கண்ணில் தராசு. இவர்கள் இரண்டு பேர் சரி என்றால்தான் அடுத்த வாரம் மாப்பிள்ளையே வருவான்.

ஜெயம் காப்பித் தட்டோடு அறைக்குள் போனபோது அஞ்சலாட்சியும் பின்னாலேயே போனாள். போனவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு சுவரிலும் பால்நிறக் கண்ணாடிக் குடைகள் கவிழ்ந்திருந்தன. பல்பு தெரியவில்லை. வெளிச்சம் சுவரில் பட்டு இறங்கி, அறை முழுக்க இளவெயிலாகப் பரவியிருந்தது. அதற்கு நடுவில் ஜெயம் நின்றாள். மாநிறத்துக்கும் ஒரு சுற்று கறுத்த நிறம் அவளுக்கு. அந்த நிறம் அப்படியே உயிரோடு இருந்தது. அரக்குப் புடவையின் சாயம் கன்னத்தில் ஏறியிருந்தது. தான் பெற்ற பெண் இவ்வளவு அழகு என்று அஞ்சலாட்சி அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். ஒரு நிமிஷம் ஊசி, ஆம்பூல், எல்லாம் மறந்து போயிற்று.

தையல்நாயகி மறக்க விடவில்லை. "புது ரூம்பு கட்டியிருக்கீங்க, ஒரு டியூப்லைட்டு போடக் கூடாதா? பொண்ண நல்லாத்தான் பாக்கட்டுமே வர்றவங்க."

"இது போதும்னுட்டு..." என்றான் கிருஷ்ணசாமி.

"ஒளிச்சிப் பேசத் தெரியாது எனக்கு. இங்க வர்ற வழியில கொழாயடியில ஒரு பேச்சு காதுல வுழுந்துச்சு. ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையாமே? ஊசி போட்டுக்கிறீங்களாம். அறுவது ஊசி. சீட்டே இருக்குதாம்."

பஜ்ஜிக்கு வைத்த எண்ணெய் காய்ந்து புகைகிற வாடை அடுப்பங்கரையிலிருந்து வந்தது. 

"எனக்கா? என்னா ஊசி?" கிருஷ்ணசாமி உண்மையிலேயே விழித்தான். பிறகு மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அஞ்சலாட்சியால் ஈடு கொடுக்க முடியவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? முந்தானை முடிச்சை அவிழ்த்து, சீட்டை எடுத்து, அரிகிருஷ்ணனிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க. இது சட்டையில இருந்துச்சி. எதுவா இருந்தாலும் என் பொண்ணு ஒடம்புல ஒரு கொற கெடையாது. அத மட்டும் நம்புங்க."

அரிகிருஷ்ணன் சீட்டை எட்டப் பிடித்துப் படித்தார். மீசை துடித்தது. அடக்கப் பார்த்து, முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இத ஆஸ்பத்திரியில காட்டுனியா? இது பிரெஞ்சும்மா. அம்பூல்னா ஊசி மருந்துக் குப்பியும்தான், பல்பும்தான். வெள்ளக்காரன் காலத்துல மேரியில, அதான் முனிசிபாலிட்டியில, எனக்குத் தெரு வெளக்கு மாத்தற வேல. காலையில இப்பிடித்தான் சீட்டு எழுதித் தருவான், அம்பூல் நாப்பது, அம்பூல் அறுவதுன்னு. அறுவதுங்கறது எண்ணிக்க இல்ல, பல்போட பவரு." கையை உயர்த்திச் சுவரைக் காட்டினார். "ஒங்க ஆம்பூலு தோ எரியுது பாருங்க. கீழ்வரி கரைஞ்சிருக்கு, அபஷூர்னுதான் போட்டிருக்கும். அந்தக் கண்ணாடிக் கொடைதான் அது. யாரு எழுதிக்குடுத்தது?"

"சொல்தா" என்றான் கிருஷ்ணசாமி. "அவரு ஊட்டுல வெளக்கு இப்பிடித்தான் இருக்கும். பொழுது சாஞ்சப்பறம் போனாதான எரியறதப் பாத்துக் கத்துக்க முடியும்? அதான் வாராவாரம் போனேன்."

"டியூப்லைட்டு மேல அப்பிடி என்னாய்யா பகை ஒங்களுக்கு?" என்றார் அரிகிருஷ்ணன்.

கிருஷ்ணசாமி துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அஞ்சலாட்சி கேட்டதில்லை.

"மில்லுல ராத்திரி ஷிப்டுல அதுக்கு அடியில நின்னு பாருங்க. மனுசன் மனுசனாத் தெரிய மாட்டான். ஒதடு நீலமா இருக்கும், மொகம் சாம்பலா இருக்கும். அது எல்லாத்தையும் வெளுத்துக் காட்டும், உயிர எடுத்துடும். போன தையில இவ அண்ணன் ஊட்டுல வேற ஒரு எடத்துக்காரங்க பாக்க வந்தப்ப, டியூப்லைட்டுக்கு அடியிலதான் பொண்ண உக்கார வெச்சோம். பாத்துட்டு வெளிய வந்த பொம்பளைங்க, என்னா இது, பொணம் மாதிரி இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நான் வாசல்ல செருப்பு போட்டுக்கிட்டு நின்னேன். ஊட்டுல யாருகிட்டயும் சொல்லல. எப்பிடிச் சொல்றது? இனிமே எவனும் என் பொண்ண அந்த வெளிச்சத்துல பாக்கக் கூடாதுன்னு வெச்சிக்கிட்டேன். அவ்ளோதான்."

ஜெயம் தலையைக் குனிந்துகொண்டாள்.  அந்தத் தையில் அண்ணன் வீட்டு டியூப்லைட்டைப் பார்த்துப் பெருமையாக உட்கார்ந்திருந்தவள் அஞ்சலாட்சிதான்.

தையல்நாயகி லேசில் விடுகிறவள் இல்லை. "அப்ப இதுவும் ஒரு ஏமாத்துதான? பொண்ணோட நெச நெறம் எது?"

"நாளைக்குக் காலையில வாங்க. வெய்யில்ல நிக்க வெச்சிப் பாருங்க. இதுல தெரியறதுதான் அதுலயும் தெரியும்" என்றான் கிருஷ்ணசாமி.

அந்தம்மாள் ஜெயத்தின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, சுவரை ஒருதரம் பார்த்து, முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து கதம்பத்தை எடுத்து ஜெயத்தின் தலையில் வைத்தாள். வைத்துவிட்டு மறுபடியும் சுவரை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "வர்ற வாரம் பையன கூட்டிக்கிட்டு வரோம்" என்றார் அரிகிருஷ்ணன். அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் கிருஷ்ணசாமி துண்டை வாயில் அழுத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். வந்திருந்தவர்கள் முன்னால் அடக்கி வைத்திருந்த இருமல் மொத்தமாக வெளியே வந்தது. திரும்பி வந்து, துண்டை முன்னறை நாற்காலியில் போட்டுவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்தவன், பாதியில் நிறுத்தினான். டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இது அதுக்குத்தானா?"

அஞ்சலாட்சி தண்ணீர்க் குடத்தின் மூடியைச் சரிசெய்தாள்.

"நான் மரியாதன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லி, மீதித் தண்ணீரையும் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளறைக்குப் போனான்.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. காப்பித் தட்டை எடுக்க முன்னறைக்கு வந்தாள். நாற்காலிக் கையில் அவன் துண்டு கிடந்தது. மடிக்க எடுத்தாள். ஓரத்தில் ஈரமாக ஏதோ இருந்தது. பழுப்பா, சிவப்பா? அந்த இளமஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே பொன்னாகத்தான் தெரிந்தது. வெற்றிலைக் கறையாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் வெற்றிலை போடுவதில்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. இப்போதுதான் இவ்வளவு வெட்கப்பட்டாய், மறுபடியுமா என்று மனசு காறித் துப்பியது. கால் கேட்கவில்லை.

தெருவைக் கடந்து சின்னப்பொண்ணு வீட்டுச் சன்னலுக்குக் கீழே போய் நின்றாள். உள்ளேயிருந்து டியூப்லைட் பளிச்சென்று அடித்தது. துண்டை விரித்தாள். ஈரம் தெரிந்தது, ஒரு நூல் பஞ்சு தெரிந்தது. வேறு கறை இல்லை. வெள்ளை, வெறும் வெள்ளை. மூச்சை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

கிருஷ்ணசாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டியா?" என்றான்.

"பாத்தேன்."

"என்னா நெறம்?"

"வெள்ள."

"அப்ப உள்ள வா. நாலு பேரு பாக்கறாங்க."

அவள் துண்டை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். படியேறாமல் அவனெதிரில் நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வெளிச்சம் எல்லாத்தையும் வெளுத்துத்தான் காட்டும்னு நீதானேய்யா சொன்ன? காலையில வெய்யில் வரட்டும். நானே பாக்கறேன். அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போறோம், நீயும் நானும்."

கிருஷ்ணசாமி சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அவன் துண்டுக்குக் கை நீட்டினான். அஞ்சலாட்சி தரவில்லை. தன் முந்தானையை எடுத்து அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.